கடைசி மருந்து யாருடைய சொத்து?

நோயாளி ஒருவர் மருந்து உண்கிறார். அம்மருந்து அவருக்கு மட்டுமே உரியதா? பணம் கொடுத்து வாங்கியவர் அவர், நோய் அவருடையது, உடலும் அவருடையது. இதில் பிறருக்கு என்ன பங்கு இருக்க முடியும்? சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படியொரு வினாவை எவரேனும் நம்மிடம் எழுப்பியிருந்தால், வேலையற்றவர் வினா என்று புன்னகைத்துவிட்டுக் கிதாபைத் திறந்து பாடத்தைத் தொடர்ந்திருப்போம். இன்று அவ்வாறு புன்னகைக்க இயலவில்லை.

நம் மூத்த சகோதரியின் கணவர் அறுபதைக் கடந்தவர், நீரிழிவு உடையவர். பித்தப்பைக் கல்லுக்காக நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். மருத்துவமனை இன்னதென்று பெயர் சொல்வது நம் நோக்கமன்று. எந்த நகரத்து மருத்துவமனையும் ஏறத்தாழ அப்படித்தான். அறுவை நன்கு முடிந்தது என்றார்கள். மறுநாளே மூச்சுத் திணறல் கண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். தொண்டைவழியே ஒரு குழாய், கழுத்து நரம்பில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய் என்று, பேசும் மனிதராய்ப் போனவர் குழாய்களுக்கிடையே கிடந்தார். ஒன்பதாம் நாள் கடுங்காய்ச்சல் கண்டது. மேலும் இரண்டு நாட்கள் கழித்து இளம் மருத்துவர் ஒருவர் நம்மை வெளியே அழைத்து ஒரு தாளைக் காட்டினார்.

தாளில் பதினாறு மருந்துகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தன. ஒன்று நீங்கலாக எல்லாவற்றுக்கும் நேரே 'ஆர்' என்னும் ஒற்றை ஆங்கில எழுத்து. அந்த மருந்துக்குக் கிருமி பணியாது என்பது அதன் பொருளாம். ஓர் எழுத்து மாறினால், ஏன், ஒரு ஜபர் ஜேர் மாறினாற்கூடப் பொருள் தலைகீழாகும் என்று முப்பதாண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். ஓர் எழுத்து மாறாமலே இருப்பது இவ்வளவு கொடிதாக இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

"ஐயா, இது அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கிருமி இல்லை. இங்கே பிடித்தது. இந்தப் பதினைந்தும் அதை ஒன்றும் செய்யாது. மிச்சம் ஒன்றுதான். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனாலும் போட்டுத்தான் ஆக வேண்டும்" என்றார் அந்த மருத்துவர். அவர் கண்களில் உறக்கமின்மை தெரிந்தது.

மிச்சமிருந்த அந்த ஒன்றின் பெயர் கொலிஸ்டின். பிறகு அதைப்பற்றி வாசித்தறிந்தோம். 1950ஆம் ஆண்டையொட்டி ஜப்பானில் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. சிறுநீரகத்துக்குக் கேடு செய்கிறது என்று 1970களில் மருத்துவர்கள் அதை ஏறக்குறையக் கைவிட்டார்கள். அதனினும் நல்ல மருந்துகள் அப்போது வந்துவிட்டன. அந்த நல்ல மருந்துகள் ஒவ்வொன்றாகப் பயனிழந்தபோது, தள்ளிவைத்த பழைய மருந்தை மீண்டும் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. கோட்டையின் வாள்களெல்லாம் முறிந்தபின் பரணிலிருந்து துருப்பிடித்த கத்தியை எடுப்பதை ஒத்தது இது.

இருபத்து மூன்றாம் நாள் அவர் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இத்தாவில் இருந்த நம் சகோதரியைப் பார்க்கச் சென்றபோது அவர் கேட்டார்: "தம்பி, கல்லெடுக்கப் போன மனுசரை எது கொன்னுச்சு? யாரு கொன்னா?" அல்லாஹ்வின் நாட்டம் என்றோம். "நாட்டம்னு எனக்கும் தெரியும். ஒருத்தரைக் கிணத்துல தள்ளிவிட்டவன்கிட்டயும் நாட்டம்னு சொல்லிட்டுப் போயிருவியா?" என்றார். ஓதிக்கொடுக்கும் நமக்கு ஓதாத அவர் சொன்னதற்கு விடை இல்லை. இந்தக் கட்டுரை அந்த விடையைத் தேடிய வழியேயன்றி வேறில்லை.

முதலில் ஒரு பிழையான எண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். "அவர் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. நாமும் அப்படியே எண்ணியிருந்தோம். பழகுவது உடம்பன்று; கிருமி. கிருமியும் உட்கார்ந்து பாடம் படிப்பதில்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு தற்செயலாக மருந்தைத் தாங்கும் இயல்புடன் தோன்றுகின்றன. மருந்து மற்றவற்றைக் கொன்று இடத்தைக் காலிசெய்து தருகிறது. தப்பியவை பெருகி அவ்விடத்தை நிரப்புகின்றன. அதனினும் வியப்பு, இந்த இயல்பை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்கு, அது வேறு இனமாயினுங்கூட, ஓலை எழுதிக் கைமாற்றுவதுபோல் கொடுத்துவிட வல்லது. 

உடம்பா கிருமியா என்பது வெறும் மருத்துவ நுணுக்கம் அன்று. அறநூல் நோக்கில் எல்லாமே இதைப் பொறுத்திருக்கிறது. பழகுவது உடம்பானால், மருந்தை வீணாக உண்டவனின் கேடு அவனோடு போயிற்று. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டான் என்று விட்டுவிடலாம். பழகுவது கிருமியானால், அது அவனை விட்டுப் புறப்பட்டு, ஒரு கைகுலுக்கலில், ஒரு கழிவுநீர்க் காலில், ஒரு செவிலியின் விரல்நுனியில், அவன் முகத்தைக்கூடக் கண்டிராத இன்னொருவரிடம் போய்ச் சேருகிறது. அப்போது அவன் உண்ட மாத்திரை அவன் சொந்த விஷயமாக இருப்பதில்லை.

இதை முதலில் உணர்ந்து சொன்னவர் மருந்தைக் கண்டுபிடித்தவரேதான். 1928இல் இலண்டனில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய பேருரையில், பெயரில்லாத ஒரு மனிதரைக் கற்பனையாகப் படைத்துக் காட்டினார். அம்மனிதருக்குத் தொண்டை வலி. பெனிசிலினைத் தாமே வாங்கி, கிருமிகளைக் கொல்லப் போதாத, ஆனால் அவை மருந்தைத் தாங்கப் போதுமான அளவு உட்கொள்கிறார். பிறகு அவர் மனைவிக்கு அந்நோய் தொற்றி மார்புச் சளிக்காய்ச்சலாகிறது. பெனிசிலின் கொடுக்கிறார்கள், பயனில்லை, அவள் இறந்துபோகிறாள். அவள் சாவுக்கு முதற்பொறுப்பு யார் என்று கேட்டு, கணவரையே பிளெமிங் சுட்டினார். எண்பதாண்டுகளுக்கு முன், பரிசு வாங்கிய மேடையிலேயே தம் மருந்தின் மரணத்தைப் பற்றி எச்சரித்தவர் அவர்.

அதற்கு நாலாண்டுகளுக்கு முன் நடந்தது இன்னொரு செய்தி. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்கு முதன்முதலாகப் பெனிசிலின் ஏற்றினார்கள். சாகக் கிடந்தவர் தேறத் தொடங்கினார். உலகத்திலிருந்த மருந்தே கொஞ்சம். அவர் சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச்சு மாதம் அவர் இறந்தார். அவர் சாகக் காரணம் மருந்து இல்லாமை. நம் மச்சான் சாகக் காரணம், மருந்து எங்கும் இறைந்து கிடந்தமை.

ஆனால் பிளெமிங் படைத்த மனிதரின் கதையில் ஒரு வசதி இருக்கிறது. கொன்றவர், கொல்லப்பட்டவர் இருவரையும் நாம் காண்கிறோம். இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். நம் நிலை அவ்வாறில்லை. நம் மதரஸா விடுதிக்குச் சில ஆண்டுகள் பொறுப்பாளராய் இருந்தோம். மேசை இழுப்பறையில் ஒரு தகர டப்பா. அதில் யார் யாருக்கோ வாங்கி மீந்த மாத்திரைகள். பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல் என்றால் டப்பாவைத் திறந்து வண்ண மாத்திரை ஒன்றோ இரண்டோ கொடுப்போம். சளியும் காய்ச்சலும் பெரும்பாலும் வைரசால் வருவன. ஆன்டிபயாட்டிக் மருந்துக்கும் வைரசுக்கும் தொடர்பேயில்லை என்பது அன்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவுமில்லை. மூன்றாம் நாள் தானே குணமாகும் பிள்ளை குணமாகும். ஹஜ்ரத் கொடுத்த மாத்திரை என்று பெற்றோர் மகிழ்வர். இரக்கத்தினால்தான் செய்தோம். அந்தப் பிள்ளைகளில் எவர் உடலில் எந்தக் கிருமி பெருகி, எவ்வழியே எங்கே போயிற்று? எந்தக் காஜியும் விசாரிக்க முடியாத வழக்கு இது. சாட்சியில்லை, வாதியில்லை, குற்றம் செய்தவனுக்கே தான் செய்தது தெரியாது.

கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தோர் தண்ணீருக்காகத் தம் பகுதியில் துளையிட நினைத்த உவமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை வாசகர் அறிவர். இதைப்பற்றி எண்ணும்போதெல்லாம் அந்தக் கப்பல்தான் நம் நினைவுக்கு வருகிறது. எனினும் ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். கப்பலில் துளையிடுபவனும் சேர்ந்தே மூழ்குவான். அந்த அச்சமே அவன் கையைப் பிடித்து நிறுத்தலாம். மருந்தைப் பொறுத்தமட்டில், துளையிட்டவன் நலமாகக் கரையேறி வீட்டுக்குப் போய்விடுகிறான். மூழ்குபவர் வேறொருவர். ஆகவே தன்னலத்தை நம்பி இந்தக் கப்பலைக் காக்க முடியாது.

ஃபிக்ஹு கற்றோர் கடமைகளை இருவகையாகப் பிரிப்பர். ஒவ்வொருவரும் தாமே செய்யவேண்டியது பர்ளு ஐன். ஊரில் சிலர் செய்தால் அனைவர்மீதும் நீங்கிவிடுவது, எவருமே செய்யாவிடில் அனைவரையும் குற்றவாளியாக்குவது பர்ளு கிஃபாயா. ஜனாஸாத் தொழுகை அதற்கு நாம் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. மருந்தின் ஆற்றலைக் காப்பது எந்த வகை? முதலில் கிஃபாயா என்றே எண்ணினோம். அரசும் மருத்துவர்களும் பார்த்துக்கொண்டால் நம்மீது நீங்கிவிடும் அல்லவா? சிந்திக்கச் சிந்திக்க அது சரியாகப் படவில்லை. சட்டம் இயற்றுவதும் ஆய்வுக்கூடம் நிறுவுவதும் கிஃபாயாவாக இருக்கலாம். நம் வாய்க்குள் போகும் மாத்திரையை வேறெவரும் நமக்காக உண்ணாமல் இருக்க முடியாது. அது ஐன்தான்.

இனி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வருவோம். வினா கூர்மையாவது அங்கேதான். கிருமிகள் மருந்தை வெல்வதற்கு அதனினும் வாய்ப்பான இடம் ஏது? ஆற்றல் மிக்க மருந்துகள் அங்கே இரவும் பகலும் ஏறிக்கொண்டிருக்கின்றன. தோலையும் தொண்டையையும் கடந்து உடலுக்குள் செல்லும் குழாய்கள் கிருமிக்குப் போட்ட பாலங்கள். படுத்திருப்போர் எல்லாரும் எதிர்ப்பாற்றல் இழந்தவர்கள். ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்கு ஒரே கைகள் போய்வருகின்றன. நம் மச்சானைப் பற்றியது அசினெட்டோபாக்டர் என்னும் கிருமி. உலர்ந்த கட்டில் கம்பியிலும் நாட்கணக்கில் உயிரோடிருக்குமாம்.

இடத்துக்கே நோயுண்டு என்னும் எண்ணம் பழமையானது. பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேடிய அர்ராஸி ஊரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே மெல்லக் கெட்டதோ அவ்விடத்தைத் தேர்ந்தார் என்று மருத்துவர் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ குறித்துவைத்தார். கையே நோய் சுமக்கும் என்பதை மருத்துவர் ஏற்கத்தான் நெடுங்காலம் ஆயிற்று. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்பவர், பிரசவ அறைக்குள் வருமுன் சுண்ணக் குளோரைடு நீரில் கை கழுவுமாறு மருத்துவர்களைப் பணித்தார். ஏப்ரலில் 100க்கு 18 என்றிருந்த தாய்மார் சாவு, கோடையில் 2 அளவுக்கு இறங்கியது. ஆயினும் கனவான்களின் கை அழுக்கென்று சொன்ன குற்றத்துக்காக அவரைப் பலர் ஏற்கவில்லை.

நம் காலத்திலும் அதன் மறுபதிப்பு ஒன்றுண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், நரம்பில் குழாய் செருகுமுன் செய்யவேண்டிய ஐந்து எளிய காரியங்களை வரிசையாக எழுதிவைத்தார்கள். கை கழுவுதல் முதலாவது. தேவையற்ற குழாயை உடனே அகற்றுதல் இறுதியானது. மூன்று மாதங்களுக்குள் குழாய்வழித் தொற்றின் நடு அளவு சுழியத்துக்கு வந்தது. 2006இல் இது வெளியாயிற்று. புதிய மருந்து ஒன்றுமில்லை. நம் உள்ளத்தைத் தொட்டது அதிலுள்ள ஒரு விதி: மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் அவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை செவிலிக்கு உண்டு. பெரியவர் பிழைசெய்யும்போது சிறியவர் சுட்டிக்காட்டலாம் என்று நாமும் மேடைகளில் பேசுகிறோம். நம் வகுப்பில் ஒரு மாணவன் அதைச் செய்தால் நம் முகம் எப்படியிருக்கும் என்பதை நாமே அறிவோம்.

இப்போது அந்தக் கடின வினா. கண்முன்னே ஒருவர் சாகக் கிடக்கிறார். கையில் கடைசி மருந்து இருக்கிறது. அதை இன்று இவருக்குக் கொடுத்தால், நாளை வரும் நூறுபேருக்கு அது பயனற்றதாகக்கூடும். காணும் ஒருவருக்காகக் காணாத பலரை இழப்பதா? பலருக்காக இவரைக் கைவிடுவதா?

கண்முன் இருப்பவரைக் கைவிடலாகாது என்பதே நம் முடிவு. மருந்து இவருக்குப் பயன்தரும் என்னும் நியாயமான நம்பிக்கை இருக்குமட்டும் அதில் முதல் உரிமை இவருக்கே. குருதியில் தொற்றுப் பரவி இரத்த அழுத்தம் வீழ்ந்தவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்புள்ளது. சோதனை முடிவு வர இரண்டு மூன்று நாட்களாகும். அதுவரை வலிய மருந்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அது சரியே. ஆனால் சோதனை முடிவு வந்தபின், சிறிய மருந்தே போதும் என்று தெரிந்தால் பெரியதை நிறுத்துவதும், தொற்றே இல்லையென்றால் எல்லாவற்றையும் நிறுத்துவதும் அதே மருத்துவரின் கடமை. தொடங்குவது எளிது; நிறுத்தத்தான் துணிவு வேண்டும். நோயாளிக்குப் பயனில்லை என்றறிந்தும் உறவினர் மனநிறைவுக்காகக் கொடுக்கப்படும் மருந்து, காணாத அந்தப் பலரின் பையிலிருந்து எடுத்துச் செய்யும் தர்மம். பிறர் பொருளில் தர்மம் செய்ய நமக்கு உரிமையில்லை.

இதை எழுதும்போது கை தயங்குகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். மச்சானுக்கு நாலாம் நாளே இலேசான சுரம் இருந்தது. பொறுத்துப் பார்க்கலாம், அறுவைக்குப் பின் இவ்வாறு வருவதுண்டு என்றார் அந்த இளம் மருத்துவர். நாம் பொறுக்கவில்லை. "செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், டாக்டர் தம்பி, இருப்பதிலேயே பெரிய மருந்தாகப் போடுங்கள்" என்றோம். அவர் மறுத்தார். இரவுப் பணிக்கு வந்த வேறொருவரிடம் மீண்டும் வற்புறுத்தினோம், அவர் இசைந்தார். கார்பாபெனம் வகை மருந்து அன்றிரவே ஏறியது. ஐந்து நாட்கள் கழித்துப் பற்றியது அம்மருந்துக்குப் பணியாத கிருமி. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்த அறையில் அது ஏற்கெனவே இருந்திருக்கும். ஆனாலும் அதற்கு வாசலைத் துடைத்துக் கோலமிட்டவர்களில் நாமும் இருக்கலாம். யார் கொன்றார் என்று கேட்ட சகோதரியிடம் இதை நாம் இன்றுவரை சொல்லவில்லை. அவர் இவ்விதழைத் தவறாமல் வாசிப்பவர்.

நம் தனிப்பிழைகளை மட்டுமே பேசி அரசையும் வணிகத்தையும் தப்பவிடுவதும் நியாயமன்று. 2008இல் சுவீடன் நாட்டவர் ஒருவர் உடலில், அவர் புதுதில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய பின், கார்பாபெனத்தையும் சிதைக்கும் ஒரு நொதி கண்டறியப்பட்டது. அதற்குப் புதுதில்லியின் பெயரையே சூட்டினார்கள். 2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரை முதலாசிரியராகக் கொண்டு வெளிவந்த ஆய்வு, சென்னையிலும் வடநாட்டிலும் அது பரவியிருப்பதைக் காட்டியது. பெயரைக் குறித்து இங்கே பெருங்கோபம் எழுந்தது. ஊர்ப்பெயரைக் கெடுத்தது தவறுதான். ஆனால் பெயரைப்பற்றி வாதாடிய அளவு கிருமியைப்பற்றி வாதாடியதாகத் தெரியவில்லை. 2012இல் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. மருத்துவரே இல்லாத சிற்றூர்களை எண்ணி, எல்லா மருந்துக்கும் ஒரேயடியாகப் பூட்டுப் போடாமல் படிப்படியாகச் செல்லலாம் என்று அது கூறியது. பின்னர் 46 மருந்துகள் 'எச் 1' என்னும் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, 2014 மார்ச்சு முதல் மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்கலாகாது, வாங்குவோர் பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்கவேண்டும் என்னும் விதி வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. கடையில் எப்படியிருக்கிறது என்பதை வாசகர் தத்தம் தெருவில் பார்த்துக்கொள்ளலாம்.

கொலிஸ்டினின் கதை இன்னும் வெட்கத்துக்குரியது. மனிதனின் கடைசி மருந்தாகிய அதனைக் கோழியும் பன்றியும் விரைவில் கொழுக்கத் தீவனத்தில் கலந்தார்கள். 2015இல் சீனத்தில், கொலிஸ்டினை வெல்லும் இயல்பு கிருமிக்குக் கிருமி கைமாறுவது கண்டறியப்பட்டது. இந்தியாவில் 2019இல்தான் உணவு விலங்குகளுக்கு அதைக் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. அதே 2019ஆம் ஆண்டில் உலகில் மருந்துக்குப் பணியாத கிருமிகளால் நேரடியாக இறந்தோர் 12 இலட்சத்து 70 ஆயிரம் என்று பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டு, புதிய ஆன்டிபயாட்டிக் ஒன்றைக் கண்டுபிடித்து முந்தைய ஆண்டில்தான் ஒப்புதலும் பெற்றிருந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று திவாலாயிற்று. நல்ல புதிய மருந்தைக் குறைவாக விற்கவேண்டும். குறைவாக விற்றால் நிறுவனம் பிழைக்காது. சந்தை இம்முடிச்சை அவிழ்க்காது.

சென்ற மாதம் அண்டைவீட்டார் ஒருவரைக் காண அதேபோன்றதொரு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல நேர்ந்தது. வாயிற்சுவரில் கை துடைக்கும் மருந்துநீர்ப் புட்டி மாட்டியிருந்தது. அழுத்தினோம், காலி. முன்பானால் உள்ளே போயிருப்போம். அன்று நின்றோம். அங்கிருந்த செவிலியிடம், "தாயே, இதில் ஒன்றுமில்லை" என்றோம். "காலையிலிருந்தே இல்லை, பாய். பரவாயில்லை, சீக்கிரம் பார்த்துட்டு வாங்க" என்றார். இல்லையம்மா, காத்திருக்கிறோம் என்றோம். அவர் முகம் சற்றே சுளித்தது. நமக்குப் பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். கால்மணி நேரம் கழித்துப் புதுப் புட்டி வந்தது. நாம் கைகளைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தபோது, வேகமாக உள்ளே நுழைந்த மருத்துவர் ஒருவர் ஒரு கணம் தயங்கி, திரும்பி வந்து, தாமும் அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.